மூன்று உளி, ஒரு ரம்பம்: வீட்டிலேயே உறுதியான மர இணைப்புகள்

பழைய வீடு ஒன்றுக்குப் போனால் வாசல் நிலையின் மேல்மூலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நிலைக்காலும் மேல்சட்டமும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு புள்ளி தெரியும். சில வீடுகளில் இரண்டு இருக்கும். அது மூங்கில் ஆணியின் தலை. உள்ளே ஒரு மரத்தின் நாக்கு இன்னொரு மரத்தின் துளைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அது வெளியே நழுவாமல் அந்த ஆணி குறுக்கே நிற்கிறது. எத்தனையோ மழைக்காலம், எத்தனையோ கோடை, தினமும் பத்து முறை கதவு அடித்துச் சாத்தல், இவ்வளவுக்குப் பிறகும் அந்த மூலை பிரியவில்லை.

அதைச் செய்த ஆசாரியிடம் இருந்தவை உளி, ரம்பம், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம், துளை போட ஒரு கருவி. ஏறக்குறைய அதே பொருட்களை வைத்து மொட்டைமாடியிலோ பால்கனியிலோ உட்கார்ந்து நீங்களும் அந்த இணைப்பைச் செய்ய முடியும். மரவேலை பழக நினைக்கும் பலர் முதலில் இயந்திரங்களின் விலையைப் பார்த்துவிட்டுத்தான் பின்வாங்குகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இணைப்பின் உறுதி இரண்டே விஷயத்தில் இருக்கிறது: போட்ட கோடு சரியாக இருக்க வேண்டும், அந்தக் கோட்டில் வெட்டும் உளி கூராக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

இணைப்பு ஏன் கழன்றுபோகிறது

ஒரு ஈர்க்கு விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஈர்க்கை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கஷ்டம். ஆனால் ஈர்க்குகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எளிது. மரமும் அப்படித்தான். இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. இழையோடு சேர்த்து விசை வந்தால் மரம் தாங்கும், இழைகளைப் பிரிக்கிற மாதிரி வந்தால் பிளந்துவிடும்.

இப்போது ஒரு சட்டத்தின் முனையை ஒரு காலின் பக்கவாட்டில் ஒட்டி இரண்டு ஆணி அடித்ததாக வைத்துக்கொள்வோம். முனையில் இருப்பவை அறுபட்ட இழைகளின் வாய்கள். பசையை அவை உறிஞ்சிக்கொள்ளும். ஆணியோ இழைகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கியிருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சட்டம் நெம்புகோலாக மாறி, மொத்த விசையையும் அந்தச் சின்னப் பரப்பில் கொண்டுவந்து இறக்கும். ஆறு மாதத்தில் ஆட ஆரம்பித்துவிடும்.

நல்ல இணைப்பு இதைத் தவிர்க்க இரண்டு வேலை செய்கிறது. இழைப்பக்கமும் இழைப்பக்கமும் ஒட்டும் பரப்பைக் கூட்டுகிறது. அப்புறம், ஒரு மரத்தை இன்னொன்றுக்குள் பூட்டிவிடுகிறது. கீழே வரும் மூன்று இணைப்புகளும் இதைத்தான் வெவ்வேறு அளவில் செய்கின்றன.

என்ன வாங்க வேண்டும்

உளி மூன்று போதும்: 6, 12, 25 மி.மீ. பன்னிரண்டு உளி கொண்ட பெட்டி மலிவாகக் கிடைக்கும், எடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் கெட்டியான இரும்பில் மூன்று வாங்கலாம். காயலான் கடையில் பழைய உளி கிடைத்தால் விடாதீர்கள். துரு மேலோடு இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம், ஆனால் முதுகுப்பக்கம் நுனிக்கருகே குழிகுழியாக அரித்திருந்தால் வேண்டாம்.

ரம்பம் ஒன்று. முதுகில் பட்டை வைத்த, பல் நெருக்கமான சின்ன ரம்பம் நல்லது. தன் பக்கம் இழுக்கும்போது அறுக்கிற ஜப்பானிய ரம்பங்கள் இப்போது ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. தகடு மெல்லியது, வெட்டும் மெல்லியதாக விழும், புதிதாகப் பழகுகிறவர் கைக்கும் நேராகப் போகும். ஒரு எச்சரிக்கை: நேராக இழுக்காமல் திருகினால் தகடு மடங்கிவிடும்.

மூலைமட்டம் வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. வாய் பிளந்த மாதிரி விரிந்தால் வேறு எடுங்கள். விலை கூடினதும் தப்பாக இருக்கும், விலை குறைந்ததும் சரியாக இருக்கும், அதனால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இவை போக, உடைத்துப்போடும் பிளேடு கத்தி ஒன்று, சாதாரண மின் டிரில் ஒன்று, மரத்துக்கான 6 மற்றும் 8 மி.மீ. பிட். நுனியில் முள் வைத்த பிட்டாகக் கேட்டு வாங்குங்கள், புள்ளியிலிருந்து வழுக்காது. கொட்டாப்புளியை நீங்களே ஒரு கனத்த மரத்துண்டில் செய்துகொள்ளலாம். இரும்புச் சுத்தியலால் உளியின் மரப்பிடியை அடித்தால் பிடி பிளந்துபோகும்.

கோடு இழுக்கும் கருவிக்குக்கூடக் காசு வேண்டாம். கைக்கு அடக்கமான மரக்கட்டை ஒன்றின் முகத்தில் தட்டைத் தலை ஸ்க்ரூ ஒன்றை இறக்குங்கள். தலையின் விளிம்பை அரத்தால் தேய்த்துக் கூராக்குங்கள். ஸ்க்ரூவைத் திருகி உள்ளே வெளியே நகர்த்தினால் கட்டைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் மாறும். கட்டையைச் சட்டத்தின் பக்கத்தில் அணைத்து இழுத்தால், ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் மெல்லிய கீறல் விழும். நான் இன்னும் இதையே வைத்திருக்கிறேன்.

கூர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கடையிலிருந்து வரும் உளி மரத்தை வெட்டத் தயாராக வருவதில்லை. மொக்கை உளியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், தள்ளும்போதுதான் கை வழுக்கும், காயம் வரும். அதோடு மரம் வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கின துளையில் கழுந்து, அதாவது துளைக்குள் போகும் மரநாக்கு, இறுக உட்காராது.

கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. தடிப்பில் ஒரு துண்டுக் கண்ணாடி கேளுங்கள். ஓரம் தேய்த்து வாங்குங்கள். அதன்மேல் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் தெளித்து ஒட்டவைத்தால் அதுவே தீட்டுக்கல். 320, 800, 2000 என்று மூன்று நம்பர் போதும்.

முதலில் உளியின் தட்டையான முதுகு. நுனியிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் கண்ணாடிமேல் படுக்க வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். ஆரம்பத்தில் ஓரங்களில் மட்டும் பளபளப்பு வரும், நடுவில் மங்கலாகவே இருக்கும். நுனியை ஒட்டி முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி மின்னும் வரை விடாதீர்கள். புது உளிக்கு இதற்கே அரை மணி நேரம் ஆகலாம். உளியின் ஆயுளில் ஒரே ஒரு முறை செய்யும் வேலை இது.

அப்புறம் சரிவுப்பக்கம். 25 டிகிரி பொதுவான கோணம். அளக்கக் கருவி இல்லாவிட்டால் இப்படிப் பாருங்கள்: சரிவின் நீளம் உளியின் தடிப்பைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் ஏறக்குறைய 25. சரிவை முழுசாக அணைத்து வைத்து, கையை ஆட்டாமல், உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தித் தீட்டுங்கள். முதுகுப்பக்கம் விரலால் வெளிப்புறமாகத் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது வந்தால்தான் நுனி வரை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு அடுத்த நம்பர், அதற்கு அடுத்தது. கடைசியில் முதுகை ஒரு தேய்ப்பு, சரிவை ஒரு தேய்ப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். பழைய தோல் பெல்ட் இருந்தால் அதில் நாலு இழுப்பு.

சோதிக்க, பைன் துண்டு ஒன்றின் அறுத்த முனையை எடுங்கள். உளியைக் கையால் மட்டும் தள்ளி, முனையிலிருந்து ஒரு மெல்லிய சீவலை எடுத்துப் பாருங்கள். வெட்டின இடம் மெழுகு தேய்த்த மாதிரி மினுமினுத்தால் உளி தயார். வெள்ளையாக, சொரசொரப்பாகக் கிழிந்திருந்தால் மறுபடி கண்ணாடிக்குப் போங்கள். வேலை நடக்கும்போதும் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் 2000 நம்பரில் தீட்டிக்கொள்வது நல்ல பழக்கம்.

மரம்

பழகுவதற்குப் பைன் போதும். பேக்கிங் பெட்டி, சரக்கு அடுக்கும் பேலட் பலகை எல்லாம் அநேகமாகப் பைன்தான். வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் பலகைகளில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்று இருந்தால் உள்ளே 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைத்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கொஞ்சம் கை படிந்ததும் பழைய மரக்கடைக்குப் போங்கள். வீடு இடித்த தேக்கு சட்டம் சட்டமாகக் கிடக்கும். பல வருடம் உலர்ந்த மரம், இனி பெரிதாகச் சுருங்காது. உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள், ஒரே ஒரு ஆணி ரம்பத்தின் பல்லை வாங்கிவிடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பசை போடும் முன் ஒட்டும் பரப்பைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். மணல்சத்தும் உள்ள மரம் என்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். வேம்பு, பூவரசு, மா எல்லாமே நல்ல மரங்கள். ஆனால் மரவாடியில் அப்போதுதான் அறுத்த பச்சை மரத்தை எடுக்காதீர்கள்.

மரம் உலர்ந்துவிட்டதா என்று அறிய மீட்டர் தேவையில்லை. சமையலறைத் தராசில் ஒரு துண்டை வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நின்றால் உங்கள் வீட்டுக் காற்றுக்கு அது பழகிவிட்டது என்று பொருள்.

கோடு

நான் ஆரம்பத்தில் செய்த ஸ்டூலின் கழுந்துகள் எல்லாம் தொளதொளவென்று இருந்தன. இடைவெளியில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தேன். இரண்டு மாதத்தில் ஒரு கால் கழன்று வந்துவிட்டது. தெருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கழுந்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோட்டைத் தின்னுட்டீங்க தம்பி" என்றார்.

அவர் சொன்னது இதுதான். ரம்பத்துக்கு ஒரு தடிப்பு உண்டு. கோட்டின்மேலேயே அறுத்தால் அந்தத் தடிப்பில் பாதி, தேவையான மரத்திலிருந்து போய்விடும். இரண்டு பக்கமும் அப்படி அறுத்தால் கழுந்து ஒன்று, ஒன்றரை மி.மீ. மெலிந்துவிடும். அவர் கணக்கில் அரை நூல். மரக்கடைகளில் இன்னும் புழங்கும் அளவு அது. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். அரை நூல் என்பது கேட்கச் சின்ன அளவு, ஆனால் இணைப்பு ஆடுவதற்கு அது தாராளம்.

அதனால் கழிவாகப் போகும் பக்கத்தில் முதலில் பெருக்கல் குறி போடுங்கள். ரம்பம் எப்போதும் அந்தப் பக்கத்திலேயே ஓட வேண்டும். அறுத்து முடித்த பிறகும் கோட்டில் பாதியாவது மரத்தில் மிச்சம் இருக்க வேண்டும்.

கோட்டையும் பென்சிலால் போடாமல் கத்தியால் போடுங்கள். மூலைமட்டத்தை இறுகப் பிடித்து, முதலில் லேசாக ஒரு கீறல், அப்புறம் அழுத்தி ஒன்று. பிறகு கழிவுப்பக்கம் இருந்து உளியைச் சாய்த்து, கீறலை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். நகத்துண்டு மாதிரி ஒரு சீவல் கழன்று வரும். கோட்டின் ஒரு பக்கம் செங்குத்துச் சுவர், மறுபக்கம் சரிவு என்று ஒரு குட்டி வாய்க்கால் உண்டாகும். ரம்பத்தை அதில் வைத்தால் தானாகவே சுவரை அணைத்து உட்காரும். கை நடுங்கினாலும் வெட்டு விலகாது. விலை உயர்ந்த ரம்பம் தரும் துல்லியத்தை இந்தச் சின்ன வாய்க்கால் இலவசமாகத் தருகிறது.

இன்னொன்று. முடிந்தவரை டேப்பால் அளக்காதீர்கள். ஒரு மரத்தின் அகலத்தை இன்னொன்றில் குறிக்க, அந்த மரத்தையே மேலே வைத்துக் கத்தியால் கீறுங்கள். எண்ணாக மாற்றி மீண்டும் கோடாக மாற்றும்போதுதான் பிழை நுழைகிறது.

முதல் இணைப்பு: மரமுளை

இரண்டு மரத்திலும் துளையிட்டு நடுவே உருளை முளை வைத்துப் பசையால் சேர்ப்பது. ஹார்டுவேர் கடைகளில் டோவல் என்று கேட்டால் 8 மி.மீ. முளை பாக்கெட்டாகக் கிடைக்கும். 18 முதல் 25 மி.மீ. பலகைக்கு அந்த அளவு பொருந்தும். ஒவ்வொரு இணைப்பிலும் குறைந்தது இரண்டு முளை வேண்டும், ஒன்று மட்டும் என்றால் மரம் சுழன்றுவிடும்.

இதில் ஒரே சிக்கல், இரண்டு பக்கத் துளைகளும் நேருக்கு நேர் வர வேண்டும். ஒரு மரத்தில் முளை வரும் இடங்களில் மெல்லிய குண்டூசி ஆணியைப் பாதி அடித்து, தலையைக் குறட்டால் வெட்டிவிடுங்கள். இரண்டாவது மரத்தைச் சரியான இடத்தில் வைத்து அழுத்தினால் அதில் புள்ளி பதியும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அந்தந்தப் புள்ளியில் துளையிடுங்கள். டிரில் சாயாமல் இருக்க, கெட்டியான மரக்கட்டை ஒன்றைப் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் 8 மி.மீ. துளை ஒன்று செங்குத்தாகப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிட்டை அந்தத் துளை வழியாக விட்டால் நேராக இறங்கும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முளை உட்கார்ந்த பிறகு அடியில் 2 மி.மீ. இடம் மிச்சமிருக்கட்டும், பசை தங்க.

அலமாரி, பெட்டி போன்றவற்றுக்கு இது போதும். ஆள் உட்காரும் பொருளுக்கு நான் இதை நம்பமாட்டேன்.

இரண்டாவது: பாதிக்குப் பாதி

இரண்டு சட்டம் குறுக்காக வரும் இடத்தில் ஒவ்வொன்றிலும் பாதித் தடிப்பை எடுத்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைப்பது. ஒட்டும் பரப்பு அகலமானது, இழைப்பக்கமாகவும் இருக்கிறது. புதியவர்கள் தொடங்க வேண்டிய இணைப்பு இதுதான் என்பது என் எண்ணம். அறுப்பது, செதுக்குவது, பொருத்திப் பார்ப்பது எல்லாம் இதிலேயே பழகிவிடும்.

ஒரு சட்டத்தை மற்றொன்றின்மேல் வைத்து இரண்டு பக்கமும் கத்தியால் கீறுங்கள். கோடு இழுக்கும் கட்டையைப் பாதித் தடிப்புக்கு வைத்து இரண்டு சட்டத்திலும் ஒரே முகத்திலிருந்து இழுங்கள். நடுவைக் கண்டுபிடிக்க, இரண்டு எதிர்ப்பக்கத்திலிருந்தும் புள்ளி வைத்துப் பார்த்து, இரண்டும் சேரும் வரை ஸ்க்ரூவைத் திருகலாம். பிறகு இரண்டு எல்லைக்கோட்டிலும் ஆழக்கோடு வரை அறுங்கள். நடுவிலும் ஒரு விரற்கடைக்கு ஒரு வெட்டு போடுங்கள். இப்போது 25 உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் கழிவு துண்டு துண்டாகத் தெறிக்கும். எதிர்ப்பக்கம் வரை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள், அந்த ஓரம் பிய்ந்துவிடும். பாதி வரை இந்தப் பக்கமிருந்து, மீதி அந்தப் பக்கமிருந்து. கடைசியில் நடுவில் நிற்கும் மேட்டைக் கையால் தள்ளிச் சமமாக்குங்கள்.

கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் தானாக விழக் கூடாது. அதுதான் பதம். இதே மாதிரி பத்து இணைப்பு பைனில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

மூன்றாவது: கழுந்தும் துளையும்

வாசல் நிலையில் பார்த்தது இது. ஒரு சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கினால் அது கழுந்து. அது போய் உட்கார இன்னொரு மரத்தில் துளை. 45 மி.மீ. சதுரக் கால், 60 அகலம் 30 தடிப்புள்ள சட்டம் என்று வைத்துச் சொல்கிறேன், ஒரு ஸ்டூலுக்குச் சரியான அளவு.

கழுந்தின் தடிப்பு சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 10 வரும். ஆனால் உங்களிடம் இருப்பது 12 உளி, அதனால் 12 ஆகவே வையுங்கள். உளியின் அகலம்தான் துளையின் அகலம். கழுந்தின் நீளம் 30. அகலத்தில் மேலே 15 மி.மீ. வெட்டிவிட்டு 45 வையுங்கள், இல்லாவிட்டால் துளை காலின் உச்சி வரை திறந்துவிடும். காலையும் தேவையைவிட 20 மி.மீ. நீளமாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். துளை போடும்போது தலை பிளக்காது. எல்லாம் முடிந்த பிறகு அந்தக் கூடுதல் நீளத்தை அறுத்துவிடலாம்.

எப்போதும் துளை முதலில். கழுந்தைத் துளைக்குத் தக்கபடி சீவிக் குறைக்கலாம், துளையைக் கழுந்துக்குத் தக்கபடி சரிசெய்வது கஷ்டம்.

துளையின் நடுக்கோட்டில் 8 பிட்டால் வரிசையாகத் துளைகள் போட்டுப் பெரும்பாலான மரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு 12 உளி. முனைக்கோட்டிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி நிறுத்தி ஆரம்பியுங்கள். கோட்டிலேயே வைத்து ஓங்கி அடித்தால் உளி ஆப்பு மாதிரி வேலை செய்து கோட்டைப் பின்னால் தள்ளிவிடும். மற்ற எல்லாம் எடுத்து முடித்தபின் கடைசியாகக் கோட்டில் வைத்துச் செங்குத்தாக இறக்குங்கள். அடிக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். மரம் வெட்டுப்படும்போது மந்தமாகக் கேட்கும், உளி அடிக்கு வந்து நின்றுவிட்டால் கெட்டியாக, ஒலி உயர்ந்து கேட்கும். ஸ்டூல் காலைத் தரையோடு அழுந்த வைத்து அடித்தால் அடி முழுதும் உளிக்குப் போகும். ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து மரத்தைப் பாதத்தால் பிடித்து வேலை செய்வார்கள். பழகாதவர்கள் அதைச் செய்யாமல், கிளாம்ப் போட்டுக் கனமான பலகையோடு பிணைத்துவிடுவது பாதுகாப்பு. உளி போகும் திசையில் எந்தக் கையும் இருக்கக் கூடாது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

துளை முடிந்ததும் அதன் அகலத்துக்கே கோட்டுக் கட்டையை வைத்துச் சட்டத்தின் முனையில் இழுங்கள். தோள்கோட்டை, அதாவது கழுந்து முடிந்து முழுச் சட்டம் தொடங்கும் கோட்டை, நாலு பக்கமும் கத்தியால் சுற்றிக் கீறுங்கள், தொடங்கின இடத்திலேயே வந்து சேர வேண்டும். கன்னங்களை, அதாவது கழுந்தின் இரண்டு அகலமான பக்கங்களை, அறுக்க, சட்டத்தைச் சாய்த்து நிறுத்தி ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். ரம்பம் உங்கள் பக்கத்துக் கோட்டையும் மேல்கோட்டையும் ஒரே நேரத்தில் பார்த்துப் போகும். பாதி ஆனதும் சட்டத்தைத் திருப்பி அந்தப் பக்கத்து மூலையிலிருந்து. கடைசியில் நேராக நிறுத்தி முடியுங்கள். தோளை வாய்க்கால் போட்டு அறுங்கள்.

முதல் தடவை உள்ளே போகாது, போகவும் கூடாது. கழுந்தின் கன்னத்தில் பென்சிலைத் தேய்த்து உள்ளே செலுத்தி எடுத்தால், இடிக்கும் இடம் துளைச் சுவரில் கறையாகவும் கழுந்தில் பளபளப்பாகவும் தெரியும். அந்த இடத்தை மட்டும் 25 உளியால் ஒரு சீவல். மறுபடி பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்திப் பாதி போய், மீதிக்குக் கொட்டாப்புளியின் இரண்டு மெல்லிய தட்டு தேவைப்பட்டால் அது சரியான பொருத்தம். ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் நிறுத்துங்கள், கால் பிளந்துவிடும்.

மூங்கில் ஆணி

இதற்கு ஆசாரிகள் செய்யும் ஒரு வேலை மிக அழகானது. மூங்கிலைப் பிளந்து, வெளித்தோலை ஒட்டிய பகுதியை எடுங்கள். நார் நெருக்கமாக இருப்பது அங்கேதான். கத்தியால் சீவி ஏறக்குறைய உருட்டி, இரும்புப் பட்டையில் போட்ட 6 மி.மீ. துளை வழியாக அடித்து இறக்கினால் அளவான ஆணி கிடைக்கும். ஒரு முனையைப் பென்சில் மாதிரி சீவுங்கள்.

காலில், சட்டம் வந்து சேரும் பக்கத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி, துளையைக் குறுக்கே கடக்கும்படி 6 பிட்டால் ஓட்டை போடுங்கள். கழுந்தை உள்ளே செருகி, அந்த ஓட்டை வழியாகப் பிட்டின் முள்ளால் கழுந்தில் ஒரு புள்ளி குத்துங்கள். கழுந்தை வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து தோள் பக்கமாக 1 மி.மீ. தள்ளி ஓட்டை போடுங்கள். இப்போது சேர்த்து ஆணியை அடித்தால், நேராக வராத இரண்டு ஓட்டைகளையும் அது நேராக்கப் பார்க்கும். அந்த முயற்சியில் தோளைக் காலோடு இழுத்து நெருக்கிவிடும். பசை காயும் வரை கிளாம்ப் வேலையையும் அதுவே பார்க்கும். பசை என்றைக்காவது விட்டுப்போனாலும் இணைப்பு நிற்கும். 1 மி.மீ.க்கு மேல் தள்ளாதீர்கள், ஆணி முறியும்.

பசையும் பிடிப்பும்

வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் வகை, வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குப் போதும். தண்ணீர் படும் இடத்துக்கு நீர் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஃபெவிகால் 1959இல் வந்தது. அதற்கு முன் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம்தான் ஆசாரிகளின் பசை. சூடும் ஈரமும் கொடுத்தால் வச்சிரம் இளகிவிடும் என்பதால், பழைய பொருட்களைப் பிரித்துச் செப்பனிடுகிறவர்கள் அதை இன்னும் மதிக்கிறார்கள்.

பசையைத் துளையின் சுவர்களிலும் கழுந்தின் கன்னங்களிலும் மெல்லப் பூசுங்கள். துளைக்கு அடியில் கொட்டி நிரப்பினால் கழுந்து இறங்கும்போது பிஸ்டன் மாதிரி அழுத்தம் ஏறிக் காலே விரியலாம். வெயில் காலத்தில் பசை சீக்கிரம் தோல் கட்டும், அதனால் எல்லாவற்றையும் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, கொட்டாப்புளியையும் ஆணிகளையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். வழிந்ததை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். ஒரு ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள், 24 மணி நேரம் வரை பாரம் ஏற்ற வேண்டாம்.

கிளாம்ப் இல்லையென்றால் சைக்கிள் கடையில் பழைய டியூப் கேளுங்கள். நீளவாக்கில் இரண்டு விரல் அகலப் பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றினால் வியக்கும் அளவுக்கு அழுத்தம் தரும். கோணல் மாணலான இடத்திலும் பிடிக்கும். ஸ்டூலின் நாலு காலையும் சேர்த்துப் பிடிக்க, கயிற்றை இரண்டு சுற்று சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்குங்கள். பலகைகளை அகலவாக்கில் ஒட்ட, தரைப்பலகையில் இரண்டு கட்டையை ஆணியடித்து, இடைவெளியில் எதிரெதிராக இரண்டு ஆப்பு அடித்தால் போதும்.

ஸ்டூலாகச் சேர்க்கும்போது

காலின் அடுத்தடுத்த இரண்டு முகத்திலும் ஒரே உயரத்தில் துளை போட்டால் உள்ளே ஒன்றோடொன்று சந்திக்கும். மேல்சட்டங்களுக்கு அதைத் தவிர்க்க முடியாது, கழுந்துகளின் நுனியை 45 டிகிரியில் அறுத்துவிடுங்கள், இரண்டும் சந்திக்குமிடத்தில் ஒட்டி நிற்கும். மூங்கில் ஆணிகளை உயரம் மாற்றிப் போடுங்கள். கீழே கால் வைக்கும் குறுக்குச்சட்டங்களை ஒரு ஜோடி மேலும் ஒரு ஜோடி கீழுமாக ஏற்றி இறக்கி வைத்தால் அங்கே மோதலே வராது.

முதல் நாள் எதிரெதிர் இரண்டு பக்கத்தை மட்டும் ஒட்டுங்கள். சட்டகம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் ஒரு குச்சியால் அளந்து ஒப்பிடுங்கள். நீளமான மூலைவிட்டத்தை நெருக்கித் தள்ளினால் சரியாகும். மறுநாள் அந்த இரண்டையும் மற்ற நாலு சட்டங்களால் இணையுங்கள்.

உட்காரும் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். 30 செ.மீ. அகலப் பலகை, கோடைக்கும் மழைக்கும் நடுவில் இழைக்குக் குறுக்கே 2, 3 மி.மீ. வரைகூட விரிந்து சுருங்கும். நீளவாக்கில் அந்த அசைவு மிகக் குறைவு. ஒட்டிப் பூட்டினால் பலகை வெடிக்கும், அல்லது நீங்கள் பாடுபட்டுப் போட்ட இணைப்பைத் தள்ளிப் பிரிக்கும். சட்டத்தில் இருக்கும் ஸ்க்ரூ துளையைப் பலகை விரியும் திசையில் முட்டை வடிவமாக இழுத்துவிட்டு, கீழிருந்து வாஷரோடு ஸ்க்ரூ போடுங்கள்.

எல்லாம் முடிந்து நிறுத்தினால் ஒரு கால் தரையைத் தொடாமல் ஆடும். முதல் ஸ்டூலுக்கு அநேகமாக ஆடும். சமையலறைக் கல் மேடைமேல் ஸ்டூலை வைத்து, ஆடும் காலுக்கு அடியில் சீட்டுத் துண்டுகளைச் செருகி அசையாமல் நிறுத்துங்கள். ஒரு மரத்துண்டின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, கல்லோடு நகர்த்தி நாலு காலையும் சுற்றிக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் அறுங்கள், கழிவுப்பக்கமாக. பிறகு ஒவ்வொரு காலின் அடி விளிம்பையும் உப்புத்தாளால் சற்றே மழுக்கிவிடுங்கள், இழுத்துப் போடும்போது சிம்பு பெயராது.